மஞ்சள் ரப்பரும் சிவந்த ஈறும்

பல்லுக்குக் கிளிப் போட்ட முதல் வாரத்தில் பல வீடுகளில் எழுகிற முதல் கவலை சாம்பாரைப் பற்றியது. கம்பியைப் பல்லில் ஒட்டிய பிராக்கெட்டோடு பிடித்து வைக்கும் குட்டி ரப்பர் வளையம் வெளியே தெரியக் கூடாது என்று நிறமில்லாததாகக் கேட்டுப் போட்டிருப்பார்கள். இரண்டு வேளை சாம்பார், ஒரு வேளை மீன் குழம்பு. மூன்றாம் நாள் வளையம் மஞ்சளாகிவிடும். "என்ன தேய்ச்சாலும் போக மாட்டேங்குது டாக்டர்" என்று அம்மாவிடமிருந்து போன் வரும். மஞ்சள் தூளின் சாயம் ரப்பருக்குள் இறங்கிவிடுகிறது, அவ்வளவுதான். பல்லுக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை. அடுத்த மாதம் வளையத்தை மாற்றும்போது மஞ்சளும் போய்விடும். விஷயம் தெரிந்த பிள்ளைகள் அடர் நீலம், சாம்பல் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாகச் சாம்பார் சாப்பிடுகிறார்கள்.

அந்த வளையத்துக்குச் சற்று மேலே, ஈறு பல்லைத் தொடும் விளிம்பில், மெல்லிய பசை ஒன்று படிந்திருக்கும். பல்லின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்கு எளிதில் அகப்படாது. நாக்கை ஓட்டிப் பார்த்தால் கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும். அதைப் பற்றி எந்த வீட்டிலிருந்தும் போன் வருவதில்லை.

இந்தப் பசையைச் சோற்றுப் பருக்கை, உணவுத் துணுக்கு என்று நினைத்துக்கொள்வது வழக்கம். உண்மையில் அது பாக்டீரியாக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டும் படலம். வாய் கொப்பளித்தால் உணவுத் துணுக்கு வந்துவிடும்; படலம் வராது. பாத்திரத்தில் பிடித்த பாசியைப் போல அதை எதையாவது கொண்டு உரசித்தான் எடுக்க வேண்டும். எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் இறங்கிக் கெட்டியாகும். அதுதான் காரை. காரையாகிவிட்டால் பிரஷ் எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை, பல் டாக்டரின் கருவிதான் எடுக்க வேண்டும்.

வெறும் பல்லில் இந்தப் படலத்தை எடுப்பது பெரிய வித்தையில்லை. கிளிப் போட்ட பல்லின் கதை வேறு. மேலும் கீழுமாக இருபது இருபத்தைந்து பிராக்கெட்டுகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு சிறகுகள், சிறகுக்கு அடியில் குழிவு, அதைச் சுற்றி ரப்பர், எல்லாவற்றையும் கோத்துக்கொண்டு ஓடும் கம்பி. கட்டிலையும் பீரோவையும் நகர்த்தாமல் அறையைப் பெருக்குவது போன்ற வேலை அது. நடுவில் இருப்பது சுத்தமாகிவிடும். மூலைகளில் இருப்பது அப்படியே கிடக்கும். முப்பது நொடியில் பல் விளக்கிப் பழகிய கை, கிளிப் வந்த பிறகும் அதே முப்பது நொடியில் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுகிறது.

இன்றைய பிள்ளைகளுக்கு வாய்த்திருப்பது எளிய வடிவம் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் ஒவ்வொரு பல்லையும் முழுதாகச் சுற்றி உலோகப் பட்டை மாட்டினார்கள். 1955இல் அமெரிக்காவின் மைக்கேல் புவனகோர் என்ற ஆய்வாளர், பல்லின் மேலுறையான எனாமலை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பிசின் அதில் உறுதியாக ஒட்டும் என்று காட்டினார். அதற்கு அடுத்த பத்திருபது ஆண்டுகளில் பட்டைகள் குறைந்து, பல்லின் முகப்பில் மட்டும் ஒட்டும் பிராக்கெட்டுகள் வந்தன. கடைவாய்ப் பல்லில் மட்டும் இன்றும் சிலருக்குப் பட்டை மாட்டுகிறார்கள். அந்தப் பட்டையின் விளிம்பு ஈறை ஒட்டியே இருப்பதால், வாய்க்குள் முதலில் வீங்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

படலத்தை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை, விட்டுப் பார்த்தே நிரூபித்திருக்கிறார்கள். டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரியில் ஹரால்ட் லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளர் நடத்திய சோதனை அது. ஆய்வுக்கு முன்வந்தவர்கள் 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள். அனைவருக்கும் ஆரோக்கியமான ஈறு. அவர்களுக்கு இடப்பட்ட ஒரே கட்டளை, பல் விளக்காதீர்கள் என்பதுதான். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி விளக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆனது. 1965இல் வெளியான இந்த ஆய்வுதான் ஈறு அழற்சிக்குக் காரணம் படலமே என்பதைச் சந்தேகமில்லாமல் நிறுவியது. பல் மருத்துவம் படிக்கிறவருக்கே மூன்று வாரம்தான் தவணை என்றால், எட்டாம் வகுப்பு மாணவனுக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கிளிப் போடும் வயதும் இதில் ஒரு சிக்கல். பெரும்பாலும் 11 வயதிலிருந்து 16 வயதுக்குள் போடுகிறார்கள். அதே வயதில்தான் உடலில் ஹார்மோன்கள் கூடுகின்றன. முகத்தில் பரு வருவது எல்லோருக்கும் தெரிகிறது. ஈறும் அதே ஹார்மோனுக்கு ஆட்படுகிறது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. கொஞ்சம் படலம் இருந்தாலும் இந்த வயதில் ஈறு அதிகமாகச் சிவக்கும், அதிகமாக வீங்கும். சிலருக்கு ஈறு வளர்ந்து பிராக்கெட்டையே பாதி மூடிவிடும். மூடிய இடத்துக்குள் பிரஷ் போகாது, அதனால் இன்னும் படலம் சேரும், இன்னும் வீங்கும்.

ரத்தம் வரத் தொடங்குவது இந்தக் கட்டத்தில்தான். பிள்ளை துப்பும் நுரையில் ரத்தத்தைப் பார்த்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். "அந்த இடத்துல தேய்க்காத, புண்ணாயிருக்கு" என்பார்கள். அக்கறையோடு சொல்லப்படும் இந்தத் தவறான வைத்தியம்தான் கிளிப் போட்டவர்களின் ஈறுக்கு வேறெதையும்விட அதிகக் கேடு செய்கிறது. பிரஷ் குத்தியதால் வருகிற ரத்தம் அபூர்வம். வீங்கிய ஈறு லேசாகத் தொட்டாலே கசியும். அங்கே படலம் கிடக்கிறது என்பதற்கு அது அடையாளம். ஆகவே ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிடாமல், அங்கேதான் மென்மையான பிரஷ்ஷால் பொறுமையாக இன்னும் கொஞ்ச நேரம் தேய்க்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் ரத்தம் தானாக நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் அடுத்த மாதத் தேதி வரை காத்திராமல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

ஈறு கொடுக்கும் இந்த எச்சரிக்கையாவது சிவப்பாகத் தெரிகிறது. எனாமல் எச்சரிப்பதே இல்லை. படலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. அமிலம் கூடி வாயின் பிஹெச் அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசியது போல ஒரு வெள்ளைத் தழும்பு விழும். சுத்தமே இல்லாத வாயில் இது ஒரு மாதத்துக்குள்ளேயே தொடங்கிவிடக்கூடும். 1982இல் அமெரிக்காவில் கோரலிக் என்பவரின் குழு வெளியிட்ட ஆய்வில், கிளிப் சிகிச்சை முடித்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு ஒரு பல்லிலாவது இந்த வெள்ளைத் தழும்பு இருந்தது. அதே ஆய்வில் சுவையான இன்னொரு தகவலும் உண்டு. கீழ்ப்பற்களின் பின்புறம், நாக்குப் பக்கம், நீண்ட காலம் கம்பி ஒட்டியிருந்தவர்களுக்கு அங்கே தழும்பே விழவில்லை. எச்சில் சுரக்கும் வாய் அங்கேதான் இருக்கிறது. அமிலத்தை அது ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு வருடம் கம்பியோடு இருந்து, கடைசியில் கம்பியைக் கழற்றும் நாளில் வரிசையான பற்களில் பிராக்கெட் இருந்த சதுரம் மட்டும் பளபளப்பாகவும் அதைச் சுற்றி வெள்ளைச் சட்டமாகவும் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? அழகுக்காகத் தொடங்கிய சிகிச்சை அது.

இந்த இடத்தில் எல்லா வீட்டிலும் ஒரு தாத்தா குறுக்கே வருவார். "எங்க காலத்துல பிரஷ் ஏது, பேஸ்ட் ஏது? எழுபது வயசுல கரும்பு கடிச்சேன்." தாத்தா பொய் சொல்லவில்லை. அவரைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. டென்மார்க்கில் மாணவர்களைப் பல் விளக்காமல் இருக்கச் சொன்ன அதே ஹரால்ட் லோ, 1970இல் இலங்கையின் மலைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார். பிரஷ் பிடித்தறியாதவர்கள், பல் வைத்தியமே எட்டாதவர்கள். பதினைந்து ஆண்டுகள் அவருடைய குழு அவர்களைப் பின்தொடர்ந்தது. சுமார் 11 சதவீதம் பேருக்கு ஈறு சிவந்ததோடு சரி, நோய் அதற்கு மேல் போகவில்லை. இவர்கள்தான் நம் தாத்தாக்கள். சுமார் 81 சதவீதம் பேருக்குப் பல்லைத் தாங்கும் பிடிமானம் மெல்ல மெல்லக் கரைந்தது. மீதி 8 சதவீதம் பேருக்கு அது வேகமாகக் கரைந்தது. அவர்கள் 45 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்தார்கள். கிளிப் மாட்டிய பிள்ளை இந்த மூன்றில் எந்தக் கூட்டத்தில் பிறந்தது என்று வாயைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தாத்தாவின் கரும்பை நம்பிப் பந்தயம் கட்டுவது சரியில்லை.

கிளிப் போட்டவருக்கு இந்தப் பந்தயத்தில் ஆபத்து இன்னும் அதிகம். கம்பி பல்லை எப்படி நகர்த்துகிறது என்று பார்த்தால் இது புரியும். பல் எலும்பில் நேரடியாகப் புதைந்திருக்கவில்லை. மெல்லிய நார்களால் எலும்போடு கட்டப்பட்டிருக்கிறது. கம்பி ஒரு பக்கம் அழுத்தும்போது அந்தப் பக்கத்து எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புதிய எலும்பு வளர்கிறது. ஈறு ஆரோக்கியமாக இருந்தால் உடல் இதைச் சேதமில்லாமல் செய்துமுடிக்கும். உள்ளே வரை அழற்சி பரவிய இடத்தில் பல்லைத் தள்ளினால் கரைந்த எலும்பு திரும்ப வளராமல் போகலாம். அதனால்தான் ஈறு மோசமாக இருந்தால் பொறுப்பான டாக்டர்கள் அந்த மாதம் கம்பியை டைட் செய்ய மறுக்கிறார்கள். சில சமயம் கிளிப்பையே கழற்றிவிடுகிறார்கள். பணம் கட்டிய பெற்றோருக்கு அது கோபம் தரலாம், ஆனால் டாக்டர் செய்வது சரி.

கிளிப் போட்ட மாணவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுக்கும் ஆய்வுகளுக்கு நம் ஊரிலும் குறைவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை முறை விளக்குகிறீர்கள், எந்த பிரஷ், ஈறில் ரத்தம் வருமா என்று கேட்பார்கள். பெரும்பாலோர் சரியான விடையையே எழுதுவார்கள். இரண்டு வேளை விளக்க வேண்டும் என்பது தெரியாத மாணவன் இன்று யார்? ஆனால் மாணவன் எழுதுவது அவனுக்குத் தெரிந்ததை. அவன் செய்ததை வாய்தான் சொல்லும். அதைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. படலத்துக்குச் சாயமேற்றும் மாத்திரை ஒன்றை மென்று துப்பச் சொன்னால், விளக்கிவிட்டதாக நினைத்த பல்லில் எங்கெல்லாம் படலம் மிச்சமிருக்கிறதோ அங்கெல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும். பத்து நிமிட அறிவுரையைவிட ஒரு முறை கண்ணாடியில் அந்தச் சிவப்பைப் பார்ப்பது பதின்வயதுப் பிள்ளைக்கு நன்றாக உறைக்கும்.

எல்லாப் பழியையும் பிள்ளைமேல் போடுவதும் நியாயமில்லை. கிளிப் ஒட்டிய அன்று வாய் வலியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்து அனுப்புவதுதான் பல கிளினிக்குகளில் நடக்கிறது. வலியில் யாருக்குக் காது கேட்கும்? விடிகாலை டியூஷன், பள்ளி, மறுபடி டியூஷன் என்று ஓடும் பத்தாம் வகுப்புக்காரிக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குழாயடியில் இரண்டு நிமிடம் நிற்பதற்கு நேரமும் இல்லை, பல பள்ளிகளில் இடமும் இல்லை. பை திறந்து பிரஷ்ஷை எடுத்தால் தோழிகள் கேலி செய்வார்கள் என்ற வெட்கம் வேறு. ஹாஸ்டல் பிள்ளைகளின் பாடு இன்னும் திண்டாட்டம்.

வெட்கத்தையே விளையாட்டாக மாற்றிப் பார்த்தது இத்தாலியில் ஒரு ஆய்வுக்குழு. 2016இல் வெளியான அந்த ஆய்வில் கிளிப் போட்ட 80 பதின்வயதினரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான அறிவுரை மட்டும். மறுபாதியை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். அவர்கள் தங்கள் பல்லை செல்ஃபி எடுத்து அதில் போட வேண்டும், வாராவாரம் யாருடைய வாய் சுத்தம் என்று பட்டியல் வரும். ஓராண்டு முடிவில் வாட்ஸ்அப் கூட்டத்தின் படலமும் ஈறு வீக்கமும் குறைவு. வெள்ளைத் தழும்பும் குறைவு. கருவியும் செலவும் ஒன்றுமில்லை, யாரோ பார்க்கிறார்கள் என்ற உணர்வுதான். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு நடத்தும் நம் பள்ளிகளுக்கு இது முடியாத காரியமல்ல.

சரி, எப்படித்தான் விளக்குவது? பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் 45 டிகிரி சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாக அதிர வைக்க வேண்டும். இந்த முறையைச் சொன்ன நியூ ஆர்லியன்ஸ்காரர் சார்லஸ் பாஸ் பல் டாக்டரே அல்ல, பொது மருத்துவர். கிளிப் போட்டவர் இதை இரண்டு முறை செய்ய வேண்டும். கம்பிக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு சுற்று, கம்பிக்கு மறுபக்கம் ஒரு சுற்று. பிறகு கம்பிக்கு அடியில் நுழைய, பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவமாக இருக்கும் இன்டர்டென்டல் பிரஷ். பிராக்கெட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையில் அதை மேலிருந்து ஒரு தடவை, கீழிருந்து ஒரு தடவை விட்டு எடுக்க வேண்டும். மருந்துக்கடைகளில் கிடைக்கும். ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் விலை உயர்ந்த மவுத்வாஷை விட்டுவிட்டு இதை வாங்கலாம். மொத்தத்தில் நான்கைந்து நிமிடம் ஆகும். ராத்திரி விளக்குவதைத் தவறவிடவே கூடாது. தூங்கும்போது எச்சில் சுரப்பு குறைந்துவிடுவதால் பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம்.

ஆலங்குச்சியும் வேப்பங்குச்சியும் கம்பிக்குள் நுழையாது. விரலால் தேய்க்கும் பல்பொடியும் பிராக்கெட்டின் முகத்தைத்தான் தேய்க்கும். பேஸ்ட் வாங்கும்போது பெட்டியைத் திருப்பி ஃபுளோரைடு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் பேஸ்ட்டில் ஃபுளோரைடு 1000 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது, அளவைப் பெட்டியிலும் டியூபிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. மூலிகைப் பேஸ்ட்டுகள் பலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. கிளிப் போட்ட பல்லுக்கு அது வேண்டும். கரையும் எனாமலை மீண்டும் கெட்டியாக்க உதவுவது அதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெற்றோர் இதைக் கேட்டால் தயங்குவார்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லில் பழுப்புக்கறை விழுவதை அவர்கள் தலைமுறையாகப் பார்த்தவர்கள். அந்தக் கறை, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சிறு வயதில் விழுவது. 13 வயதில் முன்பற்கள் உருவாகி முடிந்துவிட்டன. தேய்த்துத் துப்பும் பேஸ்ட்டால் புதிதாகக் கறை விழாது. ஏற்கெனவே கறை உள்ள பிள்ளைகளுக்குக் கிளிப் போடுமுன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் எது பழையது, எது புதியது என்ற தகராறு வராது.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள்வரை மட்டும் பயன்படுத்த வேண்டும். மாதக்கணக்கில் கொப்பளித்தால் பல்லில் பழுப்பு ஏறும்.

முறுக்கு, தட்டை, சீடை, கடலை மிட்டாய், கமர்கட், முழுக் கொய்யாக்காய், பொங்கல் கரும்பு, ஆட்டெலும்பு. இவை பிராக்கெட்டைப் பிய்த்துவிடும் என்று எல்லா டாக்டரும் சொல்கிறார்கள், பிள்ளைகளும் ஓரளவு கேட்கிறார்கள். ஈறைக் கெடுப்பவை மெத்தென்ற பண்டங்கள்தான். அவற்றை யாரும் தடுப்பதில்லை. டீயில் நனைத்த பிஸ்கட், பன், கேக், சாக்லேட் எல்லாம் கம்பிக்கடியில் அப்பிக்கொண்டு கிடக்கும். அதிலும் டியூஷன் இடைவேளையில் கொஞ்சம், பஸ்ஸில் கொஞ்சம் என்று தின்றுகொண்டே இருந்தால் வாயின் அமிலம் தணிய நேரமே கிடைப்பதில்லை. இனிப்பு சாப்பிட ஆசை என்றால் சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டுவிட்டு வாயைக் கழுவிக்கொள்ளலாம்.

பல் கிளீனிங் செய்தால் பல் ஆடிப்போகும் என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. காரையின்மேல் சேரும் படலத்தால் வரும் அழற்சிதான் பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைக்கிறது. ஆடத் தொடங்கிய பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்திருப்பது அந்தக் காரைதான். அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. கிளிப் போடுவதற்கு முன் ஒருமுறை, போட்ட பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் கிளீனிங் செய்துகொள்வது வீண் செலவல்ல. சென்னையில் 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இந்தச் சிகிச்சைகளுக்குத் தனியாரைவிடக் குறைந்த செலவே ஆகும்.

கிளிப் சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை வருடத்திலிருந்து இரண்டு வருடம். நான்கிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை டாக்டரைப் பார்க்க வேண்டும். போகிற ஒவ்வொரு முறையும் பெற்றோர் கேட்பது, "இன்னும் எத்தனை மாசம் ஆகும்?" அடுத்த முறை அதற்கு முன்னால் இன்னொன்றையும் கேளுங்கள்: "ஈறு எப்படி இருக்கு டாக்டர்? எந்தப் பல்லுல சரியா விளக்கலைன்னு இவனுக்கே கண்ணாடியில காட்டுங்க."